இருபத்தெட்டுப் பல்

கிரெமோனா, 11 பிப்ரவரி 1979

அன்புள்ள ஜில்தோ,

மூடுபனியும் என் இடது முட்டியும் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? உன் அக்கா என் வீட்டைவிட்டுப் போன இந்த நாலு வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. சைக்கிள் விஷயமாக எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை என்று நீ நம்பிக்கொண்டால் எனக்கு வசதி.

நீவெஸுக்குக் கல்யாணம் என்று எனக்குச் சொன்னவர் என் பல் டாக்டர். அவருடைய கொழுந்தி உங்கள் ஊர்க்காரி. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாத நிலையில், என் ஒரே மகளின் கல்யாணச் செய்தியைக் கேட்டேன். மாப்பிள்ளை பால் லாரி ஓட்டுகிறவனாம், உங்கள் சைக்கிள் சங்கத்தில் நல்ல வேகக்காரனாம். செப்டம்பரில் காசெல்மோரோ தேவாலயத்திலாம். எனக்கு அழைப்பு வராது. எதிர்பார்க்கவும் இல்லை.

ஆனால் நானும் அந்தச் சங்கத்து ஆள். உன் அக்காவைப் பெண் பார்ப்பதற்கு முன்பே சந்தா கட்டியவன், இன்றுவரை நிறுத்தவில்லை. சங்கத்தில் ஒருவனுக்குக் கல்யாணம் என்றால் தேவாலய வாசலில் இரண்டு வரிசையாக நின்று சக்கரங்களைத் தூக்கி வளைவு பிடிப்பது உங்கள் வழக்கம். அன்று காலை பியோம்பா ஏற்றத்தைத் தன் காலால் மிதித்து ஏறி வந்தவன் மட்டுமே சக்கரம் பிடிக்கலாம்; காரில் வந்தவன் மேயரானாலும் வேடிக்கைதான் பார்க்கவேண்டும். ஏறி வந்தவனை விலக்க யாருக்கும் உரிமை கிடையாது. விதி எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த விதியைச் சுத்தமான இத்தாலிய மொழியில் எழுதிக் கொடுத்ததே நான்தான்.

மணப்பெண் அந்த வளைவுக்குள் நடந்துதான் வெளியே வரவேண்டும். எனக்கும் அவளுக்கும் ஒரு கை தூரம். நான் பேச மாட்டேன். அவள் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும்.

என் பழைய வண்டியை இறக்கித் துடைத்துவிட்டேன். முன்னால் உள்ள பல்சக்கரங்களில் ஐம்பத்திரண்டு பல்லும் நாற்பத்திரண்டு பல்லும். பின்னால் பெரியது இருபத்தொன்று. எனக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. பியோம்பாவுக்கு என்ன கியர் வேண்டும், என் கியர் மாற்றி அதைத் தாங்குமா, எழுது. நீ நல்ல மெக்கானிக் இல்லை. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு ஆள் இல்லை.

முதுகைப் பார்த்துக்கொள்.
உல்தெரிக்கோ


காசெல்மோரோ, 25 பிப்ரவரி 1979

அன்புள்ள அத்தான்,

இனிமேல் உங்களை எப்படி அழைப்பது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். பழைய முறையே வந்துவிட்டது, மன்னிக்கவும். நாங்கள் எல்லோரும் நலம். முதுகு அப்படியேதான். உங்கள் முட்டிக்கு ஆட்டுக்கொழுப்பு தடவிப் பாருங்கள்.

கல்யாணம் செப்டம்பர் பதினாறு, ஞாயிறு. பந்தய சீசன் முடிந்தபிறகு வைக்கலாம் என்று தோனாதோ சொன்னான். மாப்பிள்ளை பெயர் அதுதான். சங்கத்தில் எல்லோரும் ஏறுவார்கள். விதி நீங்கள் சொன்னதுதான்.

கியர் விஷயம். இருபத்தொன்று வைத்துக்கொண்டு பியோம்பா ஏறினால் உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும். கடைசி மூன்று கிலோமீட்டர் சுவர் மாதிரி. பின்னால் இருபத்தெட்டு போடுங்கள். பல் கூடக் கூடக் கால் லேசாகும், உங்களுக்குத் தெரியாததில்லை. உங்கள் பழைய கியர் மாற்றியின் கை குட்டையானது. இருபத்துநாலுவரைதான் ஏற்றும், அதற்குமேல் செயின் தொங்கும், இல்லை இறுகிக்கொள்ளும். நீளக்கை உள்ளது வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது. ஜப்பான்காரன் செய்தது. கோபப்படாதீர்கள், நன்றாகவே வேலை செய்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
ஜில்தோ


கிரெமோனா, 18 மார்ச் 1979

அன்புள்ள ஜில்தோ,

ஆட்டுக்கொழுப்பு தடவினேன். முட்டி அப்படியே இருக்கிறது. வகுப்பில் முன்வரிசைப் பையன்கள் மட்டும் பின்னால் நகர்ந்துவிட்டார்கள். நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பதில் சந்தோஷம்.

இருபத்தெட்டா? அந்தத் தட்டுக்கு உங்கள் சங்கத்தில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். 'பால்காரி கியர்.' தோனாதோவின் தோழர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில், பின்சக்கரத்தில் சோற்றுத்தட்டு மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு நான் வந்து இறங்கவேண்டும், இல்லையா? "வாத்தியார் பால் கறக்க வந்துட்டாருடோய்!" என்று ஒருவன் ஆரம்பிப்பான். உன் அப்பா இருந்திருந்தால் அவரே ஆரம்பித்திருப்பார். என் கல்யாணத்தில் என்னைச் சமையலறைக் கதவுக்கு அருகில் உட்காரவைத்து, "படிச்ச மாப்பிள்ளைக்கு வாசனையே போதும்" என்று சொன்ன மனிதர். இருபத்தேழு வருஷம் ஆகிறது. மேசைவிரிப்பின் நிறம்கூட எனக்கு மறக்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாற்பத்திரண்டுக்கு இருபத்துநாலு என்றால் பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி மூன்றே முக்கால் மீட்டர் போகும். ஒரு மனிதன் அதைத் தள்ள முடியவில்லையென்றால் அவன் கீழேயே இருந்துவிடலாம். இருபத்துநாலு அனுப்பு. என் கியர் மாற்றி விசென்சாவில் செய்தது. அதைக் கழற்றிவிட்டு ஜப்பான்காரன் கையைப் பிடிக்கமாட்டேன்.

இங்கே மேடு என்று ஒன்று கிடையாது. போ ஆற்றுப் பாலம் ஒன்றுதான் ஏற்றம். பள்ளிக்கூடம் விட்டதும் அதன்மேல் ஏறி இறங்கி, திரும்பி, மறுபடி ஏறுகிறேன். போன வாரம் சுங்கச்சாவடிக்காரன் தலையை நீட்டி, "என்ன சார், எதையாவது தொலைச்சிட்டீங்களா?" என்றான்.

விவாகரத்து வழக்கில், கோர்ட்டில் என் மகள் சொன்னது உனக்கு நினைவிருக்கும். நீ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாய். "அப்பா வீட்டுல பேசமாட்டார். திருத்துவார்." நீதிபதி சிரித்தார். நான் அதையும் மறக்கவில்லை. இருந்தாலும் ஏறுகிறேன்.

நலம் விசாரித்ததாக வீட்டில் சொல்.
உல்தெரிக்கோ


காசெல்மோரோ, 8 ஏப்ரல் 1979

அன்புள்ள அத்தான்,

இங்கே அனைவரும் சுகம். பியோம்பாவில் இன்னும் பனி ஓரங்களில் கிடக்கிறது. நீங்கள் அங்கே சளி பிடிக்காமல் இருக்கவேண்டும்.

இருபத்துநாலு அனுப்பியிருக்கிறேன். பழைய செயினோடு போடாதீர்கள், பல்மேல் ஏறிக் குதிக்கும். அதனால் புதுச் செயினும் வைத்திருக்கிறேன். ஆனாலும் சொல்கிறேன், இருபத்தெட்டுதான் சரி. தோனாதோவே குளிர்காலத்தில் இருபத்தாறு போடுகிறான், ஆனால் யாரிடமும் சொல்வதில்லை.

பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தபோது நீவெஸ் கடைக்கு வந்தாள். மேலே எழுதியிருந்த பெயரைப் படித்துவிட்டாள்.

"இது எதுக்கு மாமா?"

"மலை ஏறுறதுக்கு."

"யாரு, அவரா? எந்த மலை?"

எனக்குப் பொய் சொல்ல வராது என்று உங்களுக்குத் தெரியும். வளைவு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பல்சக்கரத்தை எடுத்துக் கையில் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தாள். டிக் டிக் டிக் என்று. பிறகு வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நன்றாக இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள்.

உடம்பைக் கவனியுங்கள்.
ஜில்தோ


கிரெமோனா, 12 ஏப்ரல் 1979

அன்புள்ள ஜில்தோ,

எல்லோரும் நலம்தானே. பொட்டலம் வந்து சேர்ந்தது. செயினில் இரண்டு கண்ணி எடுக்கவேண்டியிருந்தது. கியர் மாற்றி இருபத்துநாலில் ஏறும்போது கொஞ்சம் முனகுகிறது, ஆனால் ஏறுகிறது.

கொஞ்ச நேரம் என்றால் எவ்வளவு நேரம்? பிறகு ஒன்றுமே சொல்லவில்லையா? போகும்போது கதவை எப்படிச் சாத்தினாள்? இங்கேயிருந்து போன அன்று அவள் கதவைச் சாத்தியதில் மேல்கண்ணாடி விரிசல் விட்டது. நான் இன்னும் அதை மாற்றவில்லை. முடியை வெட்டிக்கொண்டாளா? இன்னும் பூனை மாதிரி இடதுபக்கம் தலையைச் சாய்த்துத்தான் கேட்கிறாளா?

செயினுக்கு என்ன எண்ணெய் என்று எழுது. பதில் உடனே வேண்டும். எண்ணெய் இல்லாமல் ஓட்டமுடியாது.

உல்தெரிக்கோ


கிரெமோனா, 20 மே 1979

அன்புள்ள ஜில்தோ,

நான் உயிரோடு இருக்கிறேன். நீ எப்படி? ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. எண்ணெய் பற்றிக் கேட்டதற்குக்கூடப் பதில் இல்லை. உன் குடும்பத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. உன் அக்கா எர்சிலியாவும் பதில் சொல்லப் பிடிக்காத கேள்வி வந்தால் சட்டி கழுவப் போய்விடுவாள்.

போன ஞாயிறு வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு பெர்காமோ பக்கம் போய் ஒரு மலையில் சோதித்துப் பார்த்தேன். ஐந்தாவது வளைவில் இறங்கவேண்டியதாகிவிட்டது. எதிர்க்காற்று. இறங்கி நின்றபோது கால் நடுங்கியது, அதுவும் காற்றுதான். ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் தன் அப்பனோடு என்னைக் கடந்து ஏறிப்போனாள். "தாத்தா, இன்னும் ரெண்டே வளைவுதான்!" என்று கத்திக்கொண்டு போனாள். நான் யாருக்கும் தாத்தா இல்லை.

செப்டம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. எழுது.

உல்தெரிக்கோ


காசெல்மோரோ, 3 ஜூன் 1979

அன்புள்ள அத்தான்,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். தாமதத்துக்கு மன்னியுங்கள். இங்கே வேலை அதிகம். பல காரணங்கள்.

நான் சொல்வதைக் கொஞ்சம் கேளுங்கள். ரயில் பார்சலில் ஒரு பின்சக்கரம் முழுதாக அனுப்பியிருக்கிறேன். இருபத்தெட்டு மாட்டியிருக்கிறது. நீளக்கை கியர் மாற்றியும் உள்ளே இருக்கிறது, எப்படிப் பொருத்துவது என்று படம் போட்டு வைத்திருக்கிறேன். குழந்தைகூடப் பொருத்தலாம். இதைப் போட்டுக்கொண்டு ஜூன் பதினேழு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இந்த ஜூன், அத்தான். அன்று காலை சங்கத்து ஆட்கள் எல்லோரும் பியோம்பா ஏறுகிறோம். நீங்களும் ஏறுங்கள். பதினொரு மணிக்குத் தேவாலயத்துக்கு முன்னால் மேலே இருங்கள்.

செப்டம்பர்வரை காத்திருக்காதீர்கள். மலையில் வானிலை எப்போது மாறும் என்று சொல்லமுடியாது. சோதனை ஓட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்பையில் ஒரு வெள்ளைச் சட்டையும் கொண்டுவாருங்கள். மேலே குளிரும்.

காரணம் கேட்டு எழுதாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். இருபத்தெட்டில் ஏறுங்கள், பதினேழாம் தேதி வாருங்கள்.

ஜில்தோ


கிரெமோனா, 9 ஜூன் 1979

அன்புள்ள ஜில்தோ,

பரீட்சைத் தாள்களுக்கு நடுவில் எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறேன்.

உன் திட்டம் எனக்குப் புரியாமலில்லை. ஜூனில் பால்காரி கியரோடு நான் தள்ளாடி ஏறி வருவேன். சங்கம் முழுக்கப் பார்க்கும். செப்டம்பர்வரை மதுக்கடையில் அதையே பேசிச் சிரிப்பார்கள். கல்யாணத்தன்று அவள் காதுக்கும் அது போயிருக்கும். குளிருக்கு வெள்ளைச் சட்டையாம்! ஜூன் மாதத்தில்! நீ யாருக்காக இந்த வேலை செய்கிறாய்? எர்சிலியா சொல்லிக்கொடுத்தாளா?

சக்கரத்தை வந்த பெட்டியிலேயே திருப்பி அனுப்பிவிட்டேன். படம் நன்றாக இருந்தது, உனக்கு வரைய வரும்.

நான் அவள்முன்னால் ஒரு முறைதான் நிற்கப்போகிறேன். அதற்கு ஒத்திகை பார்க்கமாட்டேன். செப்டம்பர் பதினாறு. இருபத்துநாலு பல். விசென்சா கியர் மாற்றி. அன்றைக்கு வாசலில் நின்று எண்ணிப் பார்த்துக்கொள்.

முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
உல்தெரிக்கோ


காசெல்மோரோ, 15 ஜூலை 1979

அன்புள்ள அத்தான்,

நீங்கள் நன்றாக இருக்கவேண்டும் என்று முதலில் எழுதிவிடுகிறேன்.

இதோடு ஒரு சிறு துணிப்பை இருக்கும். சர்க்கரைப் பாதாம். ஐந்து. கல்யாணத்துக்கு வரமுடியாதவர்களுக்கு அனுப்புவது. நான்தான் எடுத்து வைத்தேன், அவள் கொடுக்கவில்லை. பொய் சொல்லக்கூடாதல்லவா.

ஏப்ரலிலேயே தெரிந்துபோயிற்று, கல்யாணத்தைச் செப்டம்பர்வரை தள்ளிவைக்க முடியாது என்று. குழந்தை டிசம்பரில் பிறக்கும். பாதிரியார் ஜூன் பதினேழு என்றார். உங்கள் பொட்டலத்தைப் பார்த்ததற்கு மறுநாளே நீவெஸ் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டாள்.

"தேதி மாறினது அவருக்குத் தெரியக்கூடாது மாமா."

"அப்பா இல்லியா நீவெஸ்? ஓரமா நின்னுட்டுப் போயிடுவாரு."

"வந்தா அவர் கண்ணு முதல்ல என் வயித்துக்குத்தான் போகும். என் கல்யாணத்துல யாரும் என்னைத் திருத்த வேணாம்."

நான் சத்தியத்தை மீறவில்லை. கல்யாணம் என்ற சொல்லை எழுதவில்லை. கியரும் நாளும் நேரமும் மட்டும் எழுதினேன். அதற்குமேல் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை மாதிரிப் படித்தவனாக இருந்தால் தெரிந்திருக்குமோ என்னவோ. பெட்டி திரும்பி வந்த அன்று தந்தி அடிக்கலாம் என்று தபாலாபீஸ்வரை போனேன். எர்சிலியா அக்கா அங்கே தபால்தலை வாங்கிக்கொண்டு நின்றாள். திரும்பி வந்துவிட்டேன்.

அன்று இருபத்திரண்டு பேர் ஏறினோம். நான் இருபத்தெட்டில் ஏறினேன், ஒருவனும் சிரிக்கவில்லை. யாரும் பின்சக்கரத்தைப் பார்ப்பதே இல்லை அத்தான். வாசலில் நிற்கிறபோது எல்லோரும் பெண்ணைத்தான் பார்க்கிறார்கள்.

என்மேல் கோபப்படுங்கள். ஆனால் எழுதுங்கள்.
ஜில்தோ


காசெல்மோரோ, 26 ஆகஸ்ட் 1979

அன்புள்ள அத்தான்,

உங்கள் நலம் தெரியவில்லை. கிரெமோனாவில் வெயில் கடுமை என்று ரேடியோவில் சொன்னார்கள். முட்டி எப்படி இருக்கிறது என்றாவது ஒரு வரி.

ஜில்தோ


கிரெமோனா, 23 செப்டம்பர் 1979

ஜில்தோ,

முட்டி இருக்கிறது. பாதாம் வந்தது. நீ தந்தி அடிக்கவில்லை என்பதை நான் குறித்து வைத்துக்கொண்டேன். உன் அப்பாவின் மேசைவிரிப்புக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு இடம் இருக்கிறது. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. சொல்ல வேறு யாரும் இல்லாததால் உன்னிடம் சொல்கிறேன்.

பதினாறாம் தேதி ஏறினேன். ஆமாம், உங்கள் ஊருக்கு. நான் சொன்ன தேதி அதுதான். எனக்காக யாரும் அதை மாற்றி எழுதவில்லை. இருபத்துநாலில்தான் ஏறினேன். நீ அன்று ட்ரெண்ட்டோவில் சைக்கிள் கண்காட்சிக்குப் போயிருந்தாய் என்று உன் கடைக்கதவில் அட்டை தொங்கியது.

கடைசி மூன்று கிலோமீட்டரில் இரண்டு தடவை இறங்கினேன். யாரும் பார்க்கவில்லை. மேலே சதுக்கத்துக்கு வந்தபோது மிதித்துக்கொண்டுதான் வந்தேன். குழாயடிவரை வந்ததும் உடம்பு நின்றுவிட்டது. ஹேண்டில்பார்மேல் கவிழ்ந்துகொண்டேன். தொப்பி மூக்குவரை இறங்கிவிட்டது. கண்ணில் வியர்வை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் முன்சக்கரமும் கல்பாவிய தரையும்தான். மூச்சு வரும்போதெல்லாம் கதவு கிரீச்சிடுவது மாதிரி ஒரு சத்தம். அது நான்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

அப்போது யாரோ குடத்தைக் கீழே வைத்தார்கள்.

"ஐயோ, பெரியவரே! மெதுவா. பேசாதீங்க, மூச்சு விடுங்க மொதல்ல."

நாலு வருஷம் கேட்காத குரல். எனக்கு யார் என்று சந்தேகம் வரவே இல்லை. அவள் காலணி தெரிந்தது. கறுப்பு, பின்பக்கம் மிதித்து நசுக்கியது, சின்ன வயதில் செய்கிற மாதிரியே. தரையில் அவள் நிழல், வயிற்றோடு.

குனிந்து என் பின்சக்கரத்தைப் பார்த்திருக்கிறாள். சைக்கிள்காரன் பெண்டாட்டி இல்லையா.

"இருபத்துநாலா? இந்த வயசுல இதுலயா பியோம்பா ஏறினீங்க? உங்க வீட்டுல சொல்ல ஆள் இல்லையா பெரியவரே?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று தெரியவில்லை.

அவள் என் வண்டியிலிருந்து பாட்டிலை உருவி, குழாயில் நிரப்பி, திரும்ப அதன் இடத்தில் செருகினாள். கை என் முட்டியை உரசிக்கொண்டு போனது. "மெதுவாக் குடிங்க. ரொம்ப ஜில்லுன்னு இருக்கும். எறங்கும்போது பிரேக்கைப் பாத்துப் புடிங்க, மூணாவது வளைவுல சரளை கொட்டிக் கிடக்கு." பிறகு குடத்தை எடுத்துக்கொண்டாள். போய்விட்டாள்.

நீ இப்போது நினைப்பாய், மூச்சு இல்லாததால் பேசவில்லை என்று. முதலில் அப்படித்தான். அவள் பாட்டிலை நிரப்பும்போதே மூச்சு வந்துவிட்டது ஜில்தோ. நிமிர்ந்திருக்கலாம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் அவள் என்னிடம் அப்படிப் பேசியது அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த காலத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. அந்தக் குரல் எனக்கானது இல்லை. வழியோடு போகிற யாரோ ஒரு கிழவனுக்கானது. நான் நிமிர்ந்த கணமே அது நின்றுவிடும். அதனால் குனிந்தே இருந்தேன். அவள் காலடிச் சத்தம் ஓய்ந்து, எங்கேயோ ஒரு கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும்வரை குனிந்தே இருந்தேன்.

தண்ணீரை வைத்துக்கொள்ளவேண்டும் என்றுதான் நினைத்தேன். முதல் வளைவு திரும்புவதற்குள் முழுவதையும் குடித்துவிட்டேன். அவ்வளவு தாகம்.

அவள் வீட்டில் ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்கமாட்டேன். நீயும் அவளிடம் கேட்காதே. அன்று குழாயடியில் வந்தது யார் என்று அவளுக்குத் தெரியாமலே இருக்கட்டும். மூணாவது வளைவில் சரளை இருந்தது. பார்த்துப் பிடித்தேன்.

பனி விழுவதற்குள் முதுகுக்கு ஏதாவது வைத்தியம் செய்துகொள்.

உல்தெரிக்கோ